ஏற்றாமல் திரும்பிய வண்டி

“பதினஞ்சு தடவை! பதினஞ்சு தடவை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஏமாத்தியிருக்கே. வெளையாட்டா இருக்கா உனக்கு?”

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் மேற்பார்வையாளர் அம்மாள் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் போன் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிரே நின்றவள் ஒரு தையல்காரி. நாற்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி வைக்கக்கூட நேரம் கொடுக்காமல் கடையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள்.

“தப்புதாங்க மேடம்.”

“தப்புன்னு தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே. சார், இவ திமிரைக் கேளுங்க. போன் பண்ணினதும் மொதல்ல, ‘வண்டி இப்ப சும்மாதானே நிக்குது?’ன்னு கேப்பாளாம். ஆமான்னதும் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னு ஏதாவது ஒண்ணை எடுத்து விடுவா. பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் வண்டி போனா, ‘சரியாயிடுச்சு, போயிட்டு வாங்க’ன்னு அனுப்பிடுவா.”

சார் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். கணிதத்தில் பெரிய படிப்புப் படித்தவர். நகரத்தின் ஆறு ஆம்புலன்ஸ்களும் எந்தெந்த இடத்தில் காத்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. வண்டி போய்ச் சேரும் நேரத்தைச் சராசரி பத்தொன்பது நிமிடத்திலிருந்து பதினொன்றாகக் குறைத்துக் காட்டியவர். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் அந்தப் பதினொன்றுதான். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘சராசரி சார்’ என்று ஆகிவிட்டது.

“உக்காருங்கம்மா. ஏன் இப்படிப் பண்ணினீங்க?” என்றார் தன்மையாக.

அவள் உட்காரவில்லை.

“டிரைவர் அண்ணன் ஒருத்தர் சொன்னாரு சார். எந்தப் பக்கம் இருந்து அதிகமா கூப்பிடுறாங்களோ, அதுக்குப் பக்கத்துலதான் வண்டியை நிறுத்துவீங்களாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்க ஆளுங்க யாரும் கூப்பிடுறதே இல்ல. கூப்பிட்டாலும் நேரத்துக்கு வராதுன்னு விட்டுட்டாங்க. கிடைச்ச வண்டியில போட்டுக்கிட்டோ, தோள்ல தூக்கிக்கிட்டோ ஓடுறாங்க. நாங்க கூப்பிடாததால நீங்க நிறுத்த மாட்டீங்க, நீங்க நிறுத்தாததால நாங்க கூப்பிட மாட்டோம். யாராவது ஒருத்தர் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தா வண்டி கிட்ட வந்துடும்னு நெனச்சேன்.”

சராசரி சார் அசந்துதான் போனார். மேலதிகாரிகளுக்கு ரெண்டு மணி நேரம் படம் போட்டு விளக்கியும் புரியாத விஷயம். இவள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பிடித்துவிட்டாள்.

“உங்க வீட்ல யாருக்கும்மா உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் இல்ல சார். வீட்ல நான் மட்டும்தான்.”

“அப்புறம் உனக்கெதுக்கு இந்த வேலை?” மேற்பார்வையாளர் அம்மாள் குறுக்கே பாய்ந்தார்.

“எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு வீசிங் மேடம். அடுத்த தெருவுல ரெண்டு பொண்ணுங்க மாசமா இருக்காங்க...”

“ஊருக்கே உழைக்கிறாளாம்!” அம்மாள் முகத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்பிக்கொண்டார்.

சராசரி சார் சிரித்தார். “நல்ல மூளைதாம்மா உங்களுக்கு. ஆனா என் கணக்கை அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது. ஆளை ஏத்தாம வண்டி திரும்பி வந்தா, அது பொய் அழைப்புன்னு தானா நீங்கிடும். இப்படிப் பொய்யெல்லாம் கலந்தா, நெஜமா உயிருக்குப் போராடுறவங்களுக்குத்தானே நஷ்டம்? நீங்க கூப்பிட்டது ஒண்ணுகூடக் கணக்குல ஏறலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்த வருஷமும் பூஜ்யம்தான்.”

அவள் முகம் தொங்கிப்போயிற்று. இத்தனை நேரம் ஏச்சும் பேச்சும் கேட்டுக் கலங்காத கண்கள் அந்தப் பூஜ்யத்தைக் கேட்டதும் நிறைந்துவிட்டன. எல்லாம் வீண் என்றால் யாருக்குத்தான் தாங்கும்?

மேற்பார்வையாளர் அம்மாள் ஒரு தாளை அவள் முன் நகர்த்தினார்.

“பதினஞ்சும் தேதி, நேரத்தோட இதுல இருக்கு. எல்லாமே பொய்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடு. உன் நம்பரை முடக்கிட்டு விட்டுடுறோம். போடலைன்னா போலீஸ்தான்.”

அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பேனாவை எடுத்தாள். முதல் வரியைக் குறுக்கே அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“ஏய், ஆபீஸ் பேப்பர்ல ஏன் அடிக்கிறே?”

“மத்த பதினாலும் பொய்தாங்க மேடம். போலீஸ்லயும் வந்து சொல்றேன். இது மட்டும் பொய் இல்ல.”

சராசரி சார் தாளை வாங்கிப் பார்த்தார். பிப்ரவரி ஒன்பது, காலை எட்டேகால். கணினியில் அந்த வரியைத் தேடி எடுத்தார். வண்டி சென்று சேர ஆன நேரம், நாற்பத்தேழு நிமிடம். நோயாளி ஏற்றப்படவில்லை. பொய் அழைப்பு, நீக்கப்பட்டது.

அந்த நாற்பத்தேழு, அவருடைய பதினொன்றில் சேரவே இல்லை.

“ஏத்தலைன்னுதானேம்மா டிரைவர் எழுதியிருக்காரு?” அவர் குரல் இறங்கியிருந்தது.

“உசுரு போனவங்களை வண்டியில ஏத்தக்கூடாதாம் சார். டிரைவர் அண்ணன் எம்பையனைத் தூக்கிப் பார்த்துட்டு, திரும்ப என் மடியிலயே படுக்க வெச்சுட்டுப் போனாரு.”