பால் மறக்கும் வாரம்

மகள் முகத்தைச் சுளித்தாள்.

வாயை எடுத்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். மார்பில் அரைத்துத் தடவியிருந்த வேப்பங்கொழுந்து உதட்டில் பச்சையாக ஒட்டியிருந்தது.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மகள் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுபடியும் குடிக்கத் தொடங்கினாள்.

இன்றோடு மூன்று நாள்.

முதல் நாள் தெருவே எட்டிப் பார்க்கும்படி அழுதாள். இரண்டாம் நாள் துப்பினாள், போய்த் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்தாள். இன்றைக்கு அழவும் இல்லை, துப்பவும் இல்லை. பால் என்றால் இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. இரண்டே கால் வயதுக்கு எவ்வளவு பிடிவாதம்.

சமையல்கட்டு வாசலில் மிக்கேல் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். கொழுந்தை மிக்சியில் அரைத்துக் கொடுத்தது அவன்தான். போன வருடம் படகில் ஐஸ் பெட்டி தூக்கும்போது அவனுக்கு முதுகில் எலும்பு விலகியது. இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிக்க அவள் ஒருத்திதான் மிச்சம்.

"கசப்புக்கும் பழகிட்டா. ஒன்ன மாரியே," என்றான் மனைவியிடம்.

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

சனிக்கிழமை வேன் வருகிறது.

ஆந்திராவில், நெல்லூர் தாண்டி, இறால் உரிக்கும் கம்பெனி. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அது. இந்த ஊரில் இருந்த கம்பெனி கதவடைத்து எட்டு மாதமாகிறது. அங்கே கூலி அதிகம். தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு. பதினொரு மாத ஒப்பந்தம்.

பிள்ளைகளுக்கு அனுமதியில்லை.

மதியம் ஜொவீட்டா அக்கா வந்தாள். வேனுக்கு ஆள் சேர்ப்பவள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏட்டி, பிள்ள பால் மறந்துட்டாளா? மறக்காத பிள்ளைய விட்டுட்டு வந்தவ எவளும் அங்க நாலு நாள் தங்குனதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள மறக்கலன்னா சொல்லிரு. வேற ஆள ஏத்திருவேன்."

மறந்துவிடுவாள் என்று அவள் சொன்னாள்.

சொல்லும்போதே மகள் செல்சி மடியில் ஏறி ஜாக்கெட் கொக்கியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஜொவீட்டா அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை மிக்கேல் மெல்ல நடந்து மருந்துக்கடை வரை போய் வந்தான். சட்டைப் பையிலிருந்து நான்கு பிளாஸ்திரியும் சின்னப் புட்டியில் சிவப்பு மருந்தும் எடுத்து வைத்தான். கடைக்காரரின் மனைவி பால் மறக்கடிக்க அப்படித்தான் செய்தாளாம்.

அவள் கண்ணாடி முன்னால் நின்று மார்பில் ஒட்டிக்கொண்டாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு, பெருக்கல் குறி போல. மேலே சிவப்பு மருந்தைத் தொட்டு வைத்தாள். பார்க்க அவளுக்கே வலித்தது.

செல்சி மதியத் தூக்கம் கலைந்து எழுந்து நேராக வந்தாள்.

அம்மா முந்தானையை விலக்கிக் காட்டினாள்.

"அம்மாவுக்கு உவ்வா."

செல்சி நின்றுவிட்டாள்.

ஒரு விரலை நீட்டினாள். தொடவில்லை. கீழுதடு பிதுங்கியது. பிறகு குனிந்து ஊதினாள். எச்சில் தெறிக்கத் தெறிக்க ஊதினாள். இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கமும் ஊதினாள்.

கடைசியில் முந்தானையை இழுத்து அவளே மூடிவிட்டாள்.

அன்றைக்குப் பிறகு கேட்கவில்லை.

தூக்கம் வந்தால் அப்பாவிடம் போனாள். அவனுடைய விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெறும் வாயைச் சப்பியபடி தூங்கினாள். இடையில் ஒருமுறை எழுந்து வந்தாள். அம்மாவின் பக்கத்தில் வந்து பார்த்தாள். சேலைக்கு மேலாகவே ஊதிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தாள்.

கசக்கிறது என்று மகள் விட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

மார்பு கட்டிப் போய்க் காய்ச்சல் கண்டது. குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பீய்ச்சி விட்டாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயை மூடாமலே நெடுநேரம் நின்றாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் வேன் வந்துவிட்டது.

உள்ளே ஏற்கெனவே ஆறு பெண்கள். ஆறு பேரும் ஜன்னல் வழியாகக் குழந்தையைத்தான் பார்த்தார்கள். எப்போது கூப்பாடு போடும் என்று அவர்களுக்குத் தெரியும். சிலர் தங்கள் வீட்டு வாசலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

செல்சி அழவில்லை.

அப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா உவ்வாவுக்கு மருந்து போடப் போகிறாள் என்று மிக்கேல் சொல்லி வைத்திருந்தான். இனி இந்த வீட்டில் எல்லாவற்றையும் அவன்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

"தங்கமான பிள்ள," என்றாள் ஜொவீட்டா அக்கா. பையை வாங்கி வேனுக்குள் வைத்தாள்.

அம்மா தெருவிலேயே மண்டியிட்டாள். முத்தம் கொடுத்தாள். கட்டிப்பிடிக்க வந்த மகள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இடித்துவிடக் கூடாதே என்று பின்னால் தள்ளி நின்றாள். கையை மட்டும் நீட்டி, சேலைக்கு மேல் மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள்.

"நாளைக்கி ஆறிரும்மா."

முழங்கால் சிராய்ப்பு, கதவில் நசுங்கிய விரல், எறும்புக்கடி என்று எது வந்தாலும் அவள் மகளிடம் சொல்வது அதுதான். எல்லாம் மறுநாள் ஆறியும் இருந்தது.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

மகள் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.