பால் சுறா

குழந்தை மறுபடியும் அழுதது.

அவள் அடுக்களையில் சுறாவை உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவித்துத் தோலுரித்த பால் சுறா. புட்டு செய்து கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்பது அம்மாவின் கட்சி. நான்கு நாளாக இதே புட்டு. தங்கை செலினுக்குச் சுறாவின் பெயரைக் கேட்டாலே குமட்டுகிறது. பால்தான் வந்தபாடில்லை.

அதில் அக்காவான அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

இருந்தது என்பதை மறைப்பானேன்.

அம்மா அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ இங்கயே நில்லு. பிள்ளை பால் குடிக்கட்டும்."

மூத்த மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். மடி காலி. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அம்மா அதைச் சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொள்வாள், அவ்வளவுதான்.

சாத்திய கதவுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது. வறண்ட மார்பைச் சப்பிச் சப்பி அலுத்த அழுகை.

அவளுடைய ரவிக்கை நனைந்தது.

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஏழு மாதமாக இப்படித்தான். மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் சின்னதாக ஒரு கட்டி என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை. அது புரோலாக்டினை அளவில்லாமல் சுரக்கிறது. அதனால்தான் பெறாமலே பால், அதனால்தான் பிள்ளையும் தங்கவில்லை. மாத்திரை போட்டால் பால் நின்றுவிடும். பிறகு கரு தங்கலாம்.

மாத்திரை வாங்கிவிட்டாள். இன்னும் பிரிக்கவில்லை. நின்றுபோனால் தன்னிடம் தாயென்று சொல்ல என்ன மிச்சம்?

டாக்டர் விளக்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மீன்வளக் கல்லூரியில் அவள் பாடம் எடுப்பதே அந்த ஹார்மோனைப் பற்றித்தான்.

மீனிடம் அதற்கு வேறு வேலை. கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் மடவையின் உடம்பில் உப்பு கரைந்து போகாமல் பிடித்துவைக்கும். மீன் தோன்றிய காலத்தில் உலகத்தில் பால் என்று ஒன்றே கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அது உப்பை மட்டும் காத்துக்கொண்டு கிடந்தது. பிறகு போன வீட்டில் எல்லாம் அந்தந்த வீட்டு வேலையைப் பழகிக்கொண்டது. புறாவிடம் போய்த் தொண்டைப் பையில் பால் ஊற வைத்தது. ஆண் புறாவுக்கும் கொடுத்தது. மாட்டுக்கு, நாய்க்கு, திமிங்கிலத்துக்குக் கொடுத்தது.

புறா எல்லாம் குஞ்சோடு இருக்கிறது. ஆண் புறாவைப் பார்த்துக்கூட அவளுக்கு வயிறு எரிந்தது.

செலினைப் பார்த்து எரிவதற்குக் கேட்கவா வேண்டும்.

மறுநாள் அம்மா பூசைக்குப் போயிருந்தாள். செலின் குளிக்கப் போனாள்.

"எக்கா, அழுதா தொட்டில ஆட்டிவிடு."

தூக்கச் சொல்லவில்லை.

அழுதது. ஆட்டினாள். அழுகை நிற்கவில்லை.

தூக்கினாள்.

குழந்தை முகத்தைத் திருப்பி, ஈரத் துணியின் மேல் வாயை வைத்துத் தேடியது.

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

வலித்தது. இவ்வளவு வலிக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. குழந்தையின் தொண்டை ஏறி இறங்கியது. உள்ளங்கை விரிந்து அவள் மேல் படிந்தது. கண் சொருகியது.

தலையில் துண்டோடு செலின் நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ.

வந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்ன, பிடுங்கினாள். சுவரோரம் உட்கார்ந்து தன் மார்பில் வைத்தாள்.

குழந்தை வாயைத் திறக்கவில்லை. வயிறு நிறைந்த பிள்ளை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கியது.

செலின் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

அப்போதுதான் அம்மா வந்தாள். தூங்கும் பேரனைப் பார்த்தாள். அவன் உதட்டோரம் வழிந்திருந்த பாலைப் பார்த்தாள்.

"மாதாவே! பாத்தியாடி, சொன்னேன்லா. சுறா கேட்டுட்டு! பால் ஊறிட்டுல்லா உனக்கு?"



அம்மா செலினின் நெற்றியில் சிலுவை போட்டாள். கன்னத்தைத் தடவினாள்.

"ஆமாம்மா," என்றாள் செலின்.

அக்கா அடுக்களைக்குப் போய்விட்டாள். தன் பால். பேர் மட்டும் தங்கைக்கு. அங்கேயே நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

மத்தியானம் தாண்டிக் குழந்தை மறுபடி விழித்தது. செலின் அதைத் தன் மார்பருகே கொண்டுபோகவில்லை. மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"எம்மா, சுறா நல்லாத்தான் கேக்குது. இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாயேன்."

அம்மா பூரித்துப்போனாள். பையை எடுத்துக்கொண்டு அப்போதே தெருவில் இறங்கிவிட்டாள்.

செலின் குழந்தையோடு அடுக்களைக்கு வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கையாலும் குழந்தையை நீட்டினாள்.

அது வீறிட்டுக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மார்பு கட்டி வலித்தது. ரவிக்கை நனைந்து முந்தானையும் நனைந்தது.

அவள் கையை நீட்டவில்லை.

தங்கை வாய் திறந்து கேட்கட்டும் என்று நின்றாள்.