சில்வண்டும் கருவாடும்

காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்று வந்த நயினாரிடம் டாக்டர் ஜிஷா கையை நீட்டச் சொன்னதும், அவர் கையை மடக்கி அக்குளில் சொருகிக்கொண்டார்.

"கோளாறு காதுலதான் டாக்டரம்மா. கையில ஒண்ணுமில்ல."

காது இரைவதற்குப் பல காரணம் உண்டு, பிரஷரும் அதில் ஒன்று என்றார் டாக்டர், பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக.

அந்த ஒன்றுதான் நயினாருக்கு ஆகாது.

கூட வேலை செய்யும் பூதலிங்கத்துக்குப் பிரஷர் என்று சொன்ன நாளிலிருந்து அவன் தூக்குவாளியில் உப்பில்லாத சோறு. அவன் அதை விழுங்குகிற முகத்தைப் பார்த்தால் எதிராளிக்கும் இரக்கம் வரும். நயினாருக்கோ விழிஞ்ஞத்து வாளைக் கருவாடு இல்லாமல் சோறு தொண்டையைத் தாண்டாது.

மற்ற காரணங்கள் என்னென்ன என்று கேட்டார்.

பெருஞ்சத்தம் என்றார் டாக்டர். நயினாருக்கு உயிர் வந்தது. கான்கிரீட் உடைக்கிற மெஷினைப் பிடித்தே காலம் போகிறது, காதுக்குக் கவசம் கொடுத்தாலும் வியர்க்கிறதென்று கழற்றி வீசிவிடுவேன் என்றார்.

குறும்பி அடைத்தாலும் வரும் என்றார் டாக்டர். வண்டி வண்டியாக இருக்கிறது என்றார் நயினார். போதாததற்குத் தீக்குச்சியால் உள்ளே தள்ளியும் விட்டிருக்கிறாராம்.

சில மாத்திரைகளாலும் வரும். மேல்வலிக்குக் கடையில் வாங்கி வீட்டுக்குத் தெரியாமல் விழுங்குவதை, பெண்டாட்டி பிரேமா பக்கத்திலேயே இருக்கிறாள் என்பதையும் மறந்து போட்டுடைத்தார்.

"கேட்டீங்களா டாக்டரம்மா, கல்யாணம் கழிஞ்சு இத்தன வருசத்துல இவுக வாயில இவ்வளவு உண்மை வந்து நான் பார்த்ததில்ல" என்றாள் பிரேமா.

எவ்வளவு ஒப்புக்கொண்டும் பயனில்லை. பிரஷர் பார்க்கிற பட்டை கையில் ஏறிவிட்டது. அது இறுக இறுக, நயினார் கண்ணை மூடிப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

பிரஷர் சரியாக இருந்தது.

நயினார் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. மெஷின் சத்தம்தான் காரணமாயிருக்கும், கவசத்தைக் கழற்றாதீர்கள், காது டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள் என்று ஜிஷா சொன்னது எதுவும் அவருக்கு ஏறவில்லை. கருவாடு பிழைத்தது, அது போதும்.

"வந்ததல்லே, சேச்சிக்கும் ஒண்ணு நோக்காம்" என்று டாக்டர் பட்டையைப் பிரேமா பக்கம் நீட்டினார்.

பிரேமா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

டாக்டர் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, சேச்சிக்கும் காதில் ஏதாவது சத்தம் உண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

"கேக்குமே. படுத்தா ஙொய்ங்குனு ஒரே இரைச்சல். அது இவுக காதுல இருந்து வாரதுன்னுல்லா நான் நெனச்சேன்."

நயினாருக்குச் சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றது.

ஜிஷா சீட்டில் மாத்திரையை எழுதி முடித்து, இனிமேல் சேச்சி சாப்பாட்டில், என்று தொடங்கினார்.

"கருவாட்ட நிறுத்திருதோம் டாக்டரம்மா" என்றார் நயினார். "எங்க வீட்டுல அடுப்பு ஒண்ணுதான்."