வீட்டுக்காரரைத்தான் கேட்கணும்

“அடுத்த மாசத்தோட காலி பண்ணிடணும். கூட வாடகை தர ஆள் வந்தாச்சு.”

“பிள்ளைங்க பரீட்சையாவது முடியட்டுமே.”

“எந்த வீட்டுலேர்ந்து போனாலும் பரீட்சை எழுதலாம்.”

வீட்டுக்காரர் அன்று பேசியது அவ்வளவுதான். குடித்து முடித்த டீ கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் முகத்துக்கு எதிரே பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

இன்று கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தப் பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்த வாடகை வீடுகள் கட்ட அரசு பணம் ஒதுக்கலாமா என்று ஒரு குழு கருத்துக் கேட்கும் கூட்டம். வாடகைக்கு இருப்பவர்கள் இடது பக்கம், சொந்தக்காரர்கள் வலது பக்கம் என்று, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முறைத்துக்கொண்ட கல்யாணம் மாதிரி பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வலது பக்கக் கடைசி வரிசையில் வீட்டுக்காரரும் இருந்தார். இடது பக்கத்தில் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவளுக்குப் பக்கத்தில் தையல்காரி. ஒரே கட்டடத்தில் பல வருஷமாக இருக்கிறார்கள். தையல்காரியையும் மேடையேறிப் பேசச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்தாயிற்று. குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டிருந்தால்தான் தனக்குப் பேச்சே வரும் என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

காலி பண்ணச் சொன்ன மறுநாள் அந்தத் தையல்காரிதான் அவளிடம் கேட்டாள். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா எடுபடும்.”

கூட்டத்தில் பேசுகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். தான் கேட்டது அது இல்லை என்பதுபோல் தையல்காரி ஒரு நொடி பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அந்தப் பார்வை அவளைச் சும்மா இருக்க விடவில்லை. தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டி இத்தனை பேரைத் திரட்டியவளே அவள்தான். எத்தனை கதவைத் தட்டியும் ஒரு கதவைத் தட்டாமல் விட்ட குறை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இன்று போட்டிருந்த புது ரவிக்கையும் தையல்காரி பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்ததுதான். கழுத்து அளவு கச்சிதம். ஆனாலும் மூச்சு முட்டியது.

அவளை அழைத்தார்கள். போய் மைக்கை வாங்கினாள்.

“எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கோம்” என்று தையல்காரியைக் காட்டி ஆரம்பித்தாள். “எங்க பக்கம் ஒழுகாது. இவ பக்கம் ஒழுகும். ஒரே ஒரு ரூம். நனையாத மூலையில தையல் மிஷினு. பிள்ளைங்க அதுக்கு அடியில காலை நீட்டித்தான் தூங்கணும். அதுங்க தூங்கிட்டா இவ மிதிக்க முடியாது. மிதிக்கலைன்னா வாடகை கிடையாது.”

லாபம் பார்த்துக் கட்டுகிறவர் யாரும் இவளுக்குக் கட்டுப்படியாகிற வீட்டைக் கட்டப்போவதில்லை, அரசாங்கம் பணம் போட்டால்தான் உண்டு என்றாள். குழுத் தலைவர் பேனாவை மூடிவிட்டு, ரோடும் ஆஸ்பத்திரியும் பணத்துக்காக முன்னால் வரிசையில் நிற்கின்றனவே என்றார்.

“ரோடு போடுறவங்களும் சாயங்காலம் ஒரு வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும்? ஆஸ்பத்திரியில படுக்கை விரிக்கிற அம்மாவுக்கும் படுக்க ஒரு இடம் வேணாமா?”

இடது பக்கம் கை தட்டியது. வலது பக்கத்திலும் இரண்டொருவர் தட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் தமக்கு இருபுறமும் இருந்தவர்களிடம் குனிந்து பேசினார். பணம் ஒதுக்கச் சொல்லிக் குழு பரிந்துரைக்கும் என்று அறிவித்தார். தையல்காரி அவளை நிமிர்ந்து பார்த்து, நன்றியோடு கைகூப்பினாள். அந்தக் கும்பிடு அவளைச் சுட்டது.

“ஆனா ஒண்ணும்மா” என்றார் தலைவர். “இன்னைக்கே பணம் வந்தாலும், கட்டி முடிச்சு சாவி கைக்கு வர ரெண்டு வருஷம் ஆகும்.”

“அதுவரைக்கும் இவ எங்கங்க போவா?”

“அதை என்னைக் கேட்டா எப்படி? உங்க வீட்டுக்காரரைத்தான் கேட்கணும்.”

கூடமே சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே அடுத்த பெயரைத் தேடினார்.

அவள் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இத்தனை நாளும் கண்ணாடி முன் நின்று எவ்வளவோ பேசிப் பழகியிருந்தாள். இந்த ஒன்று மட்டும் தொண்டையைத் தாண்டியதே இல்லை.

கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார்.

“என்னங்க, சாவி வர்ற வரைக்கும் இவ நம்ம வீட்டுலயே இருக்கட்டுங்க.”