பின்னால் இரண்டு வண்டி

“ஏழு கறித்துண்டு எடுத்து வெச்சிருக்கேன். ஆளுக்கு ஒண்ணு,” என்றாள் வெர்னா, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி.

கர்ட் தன் அக்கா ஷானாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அம்மா, நாம ஆறு பேர்தான். நான், என் பொண்டாட்டி, பசங்க ரெண்டு, ஷானா, நீ.”

“எனக்கு எண்ணத் தெரியாதா?” என்று ஃபிரிட்ஜை மூடினாள் வெர்னா. ஒரு துண்டைக்கூடத் திரும்ப வைக்கவில்லை.

சமையலறை மேசை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்தது. கோடை தணிந்ததும் குடும்பத்தோடு ஜீப்பில் செம்பாறைப் பள்ளத்தாக்குக்குப் போவது மோவாப் ஊரில் அவர்கள் வீட்டு வழக்கம். அப்பா இறந்த பிறகு விட்டுப்போயிருந்தது. இந்தச் சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறார்கள்.

ஆனால் கர்டுக்கு அதற்குமுன் ஒரு காரியம் இருந்தது. அம்மாவிடமிருந்து ஜீப் சாவியை வாங்கிவிட வேண்டும். வரும் வழியிலேயே அக்காவும் தம்பியும் அதைப் பேசி முடித்துவிட்டார்கள். யார் கேட்பது என்பதில்தான் தகராறு.

பின்னே என்ன? கல்யாணமான நாள் முதல் அந்தப் பாறைகளில் ஜீப் ஓட்டிய அம்மா, போன வசந்தத்தில் ஒரே மணல் ஓடையில் மூன்று முறை சிக்கிக்கொண்டாள். மூன்று முறையும் ராய்ஸ் என்பவர்தான் இழுவை வண்டியோடு போய் வெளியே இழுத்துவிட்டார். பெட்ரோல் போடப் போன இடத்தில், “அம்மாவை இன்னைக்கு எங்கேயிருந்து இழுக்கணும்?” என்று கர்டைக் கேட்டுச் சிரித்தார்கள்.

“மணல்ல எறங்குறதுக்கு முன்னால டயர்ல பாதிக் காத்தை எறக்கிவிடணும்னு ஒனக்குத் தெரியாதாம்மா?”

“மறந்துட்டேன்.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்தான்.” அவள் முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. அதுதான் கர்டை இன்னும் பயமுறுத்தியது.

“அதை விடு. வரிசையைப் பேசுவோம்,” என்று வெர்னா வரைபடத்தில் விரலை ஓட்டினாள். “முன்னால நீ போ. மலை விளிம்புல எதிர் வண்டி வந்தா கையை வெளிய நீட்டி ரெண்டு விரல் காட்டு.”

விளிம்புப் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று முதல் வண்டிக்காரர் விரலால் காட்ட வேண்டும்; கடைசி வண்டிக்காரர் மூடிய முஷ்டியைக் காட்ட வேண்டும். விரல் தப்பினால், எதிரே வந்தவர் வராத வண்டிக்காகப் பாறையோடு ஒட்டிக்கொண்டு காத்துக் கிடப்பார். அப்புறம் ஊருக்குள் முகம் காட்ட முடியாது.

“ஒரு விரல்மா. எனக்குப் பின்னால ஒன் ஜீப் ஒண்ணுதானே வருது?”

“ரெண்டு.”

“நம்மகிட்ட இருக்கிறதே ரெண்டு வண்டி. நான் முன்னால போயிட்டா மிச்சம் எத்தனை?”

“டேய், ஸ்கூல்ல கணக்குல தோத்துட்டு வந்தது நீயா நானா? ரெண்டு விரல் காட்டுன்னா காட்டு.”

ஷானா தம்பியின் காலை மேசைக்கடியில் மிதித்தாள். “இப்பவே கேளுடா,” என்று கிசுகிசுத்தாள்.

“நீ கேளேன். நீதானே மூத்தவ.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது,” என்றாள் வெர்னா. “என்ன கேக்கணும்?”

கர்ட் வரைபடத்தை ஓரமாகத் தள்ளினான். “அம்மா, தப்பா எடுத்துக்காதே. டாக்டரை ஒரு தடவை பாத்துடலாம். அதுவரைக்கும்... ஒன் ஜீப்பை ஷானா ஓட்டட்டும். சாவியை எங்ககிட்ட குடுத்துடு.”

சண்டை வரும் என்று காத்திருந்தான். அழுகைக்கும் தயாராக இருந்தான். வெர்னாவோ ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து ஷானாவின் மடியில் போட்டாள்.

“இவ்வளவுதானா? எடுத்துக்கோடி. ரெண்டாவது கியர் கொஞ்சம் மொரண்டு பிடிக்கும், தட்டிக் கொடுத்துப் போடு.”

“அப்போ நீ என் வண்டியில வா, அம்மா. முன் சீட்டே தர்றேன்,” என்றான் கர்ட்.

“நான் எதுல வர்றதுன்னு எனக்குத் தெரியும். நீ ரெண்டு விரலை மட்டும் மறக்காதே.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷானாவின் கண் கலங்கிவிட்டது.

அப்போது வாசலில் கனமான வண்டி ஒன்று உறுமி நின்றது. கர்ட் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அந்த இழுவை வண்டிதான்.

“ராய்ஸ் எதுக்கு வர்றாரு? இங்க எதுவும் மாட்டிக்கலையே.”

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். தலைமுடி தண்ணீர் வைத்துப் படிய வாரியிருந்தது. கையில், இன்னும் சூடு ஆறாத பீச் பழ கேக்.

“மூணு வண்டியும் நிறுத்துற மாதிரி நல்ல இடமா பாத்து வெச்சிட்டேன், வெர்னா. என் ஜீப்பும் தயார். கடைசியில வந்து முஷ்டி காட்டுறது நான்தான்,” என்று சொல்லி, குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டார். பிறகுதான் மற்ற இருவரையும் கவனித்தார். காது சிவந்துவிட்டது. “பசங்ககிட்ட இன்னும் சொல்லலையா?”

“அதைச் சொல்லத்தானே இன்னைக்குக் கூப்பிட்டேன். அவங்க ஆளைத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாலேயே கணக்குல தப்புக் கண்டுபிடிச்சிட்டாங்க.”

கர்ட் கறித்துண்டுகளைப் பார்த்தான். ஏழு. சரியாகத்தான் இருந்தது. ஷானா சாவியைத் தூக்கிப் பார்த்தாள்.

“அப்படின்னா அம்மா... அந்த மணல்?”

வெர்னா கேக்கை வாங்கி மேசை நடுவில் வைத்தாள்.

“முதல் தடவை மட்டும் நெஜமாவே மாட்டிக்கிட்டேன்டி.”