வரைபடத்தில் ஏறிய ஊர்

ரோமானியர் வணிகம் செய்த ஊர்களைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்றை அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்தபோது, தொபியாஸின் ஈரப்பஞ்சு பட்டு, கடலோர ஊர்ப்பெயர் ஒன்று அழிந்துபோனது. நனைப்பதற்கு முன் புகைப்படம் எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அன்று சோம்பலில் எடுக்காமல் விட்டிருந்தான். அழிந்த பெயரும் நினைவுக்கு வரவில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தில், தன் அம்மா பிறந்த ஊரின் பெயரை அதே சாய்வெழுத்தில், லத்தீன் சாயலோடு அங்கே எழுதிவைத்தான்.

இப்போது அந்த ஊரில், ரோணிக்கம் சித்தியின் கொல்லை முழுக்க அந்த வரைபடத்தை நம்பி வந்த ஆய்வாளர்கள் வெட்டிய குழிகள். மணலும் சிப்பியும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

"போதும்மா, மூடிடலாம்," என்றார் தலைமை ஆய்வாளர்.

"என்னத்த மூட? ரோமாபுரிக்காரன் மெனக்கெட்டுப் பொய்யா எழுதுவான்? அடுப்படிக்குக் கீழ பாருங்க சார். வீடுதான, பெறகு கட்டிக்கிடலாம்."

"சித்தி, அந்தப் படத்துல..." என்று தொடங்கினான் தொபியாஸ்.

"நீ சும்மா கெட லே. வந்ததுலேருந்து மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியுத."

சட்டிபானைகளை அவள் ஏற்கெனவே முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். கடப்பாரையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அந்தப் படத்தத் தொட்ட கையில்லா? மொத அடி நீ போடு, ராசா."

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் வாங்கிக்கொண்டான். சித்தி சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்படிக் கதவை அவனுக்காக அகலத் திறந்துவிட்டாள்.