பேரை எடுக்காதீங்க

“இந்த வேலையைச் செஞ்சவன் யாருன்னு தெரியாம நான் இங்கேருந்து நகர மாட்டேன்” என்று பிரின்ஸிபால் டிங்கல்மேனின் மேஜைமேல் கைப்பையைப் பொத்தென்று வைத்தாள் மார்லிஸ்.

பக்கத்து நாற்காலியில் ஓயுன்சிமெக் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மங்கோலியாவிலிருந்து ஒரு வருடம் படிக்க வந்து மார்லிஸ் வீட்டில் தங்கியிருப்பவள். பள்ளிக்கூடத்தில் அவள் வெறும் ‘மெக்’. மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிரே இத்தனை நாளில் ஒருவரும் வந்து உட்கார்ந்ததில்லை.

அப்படிப்பட்டவளின் முழுப் பெயரை யாரோ, ஹோம்கமிங் என்கிற பள்ளி ஃபுட்பால் விழாவில் மகுடம் சூட்டும் ராணிப் போட்டிக்கான பெட்டியில் பிழையில்லாமல் எழுதிப் போட்டிருந்தார்கள். காலையில் டிங்கல்மேன் ஒலிபெருக்கியில் திக்கித் திணறி அதை வாசித்ததும் வகுப்பு வகுப்பாகச் சிரிப்பு கிளம்பியது. பிரின்லி, கெல்சி மாதிரி அழகிகளுக்கு நடுவே மெக்காம்.

“அந்தக் கோல்ட்டன்தான். ஃபுட்பால் டீம்ல இருக்கானே, அவன்தான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சானாம்” என்றாள் மார்லிஸ்.

ஆள் அனுப்பிக் கூப்பிடப்பட்ட கோல்ட்டன் வாசலிலேயே நின்றான். “சிரிச்சேன் மேடம், இல்லேங்கல. ஆனா எழுதினது நான் இல்ல.”

“வெள்ளிக்கிழமை மேட்ச்ல நீ வெளிய உட்காரு. ஞாபகம் தானா வரும்” என்றார் டிங்கல்மேன்.

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் ஆட்டத்தைப் பார்த்துத் தங்கள் டீமுக்கு எடுக்க ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வரப்போவது ஊருக்கே தெரியும்.

“மெக், உன் பேரை எடுத்துடறேன். நீ கவலைப்படாதே” என்றார் டிங்கல்மேன்.

“எடுக்காதீங்க சார்.”

மார்லிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கண்ணு, மைதானத்துல ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

“இப்ப யாரும் பார்க்கறதே இல்லையே. சிரிக்கிறதுக்காவது பார்க்கட்டும்.” அவள் டிங்கல்மேன் பக்கம் திரும்பினாள். “இவனையும் விளையாட விடுங்க. இவன் எழுதல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க, என் முழுப் பேரைச் சொல்லச் சொல்லுங்க.”

கோல்ட்டன் வாயைத் திறந்தான். “ஓயு… ஓயின்…” என்று இழுத்துவிட்டு மூடிக்கொண்டான்.

“சொல்லவே வராதவன் தப்பில்லாம எழுதுவானா சார்?”

டிங்கல்மேன் இருமினார். கோல்ட்டனைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை ஆட்ட இடைவேளையில் மற்ற பெண்கள் மினுமினுக்கும் கவுன்களில் அப்பாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஓயுன்சிமெக், ஊரிலிருந்து அம்மா தைத்துக் கொடுத்தனுப்பிய நீலப் பட்டு அங்கியில், இடுப்பில் ஆரஞ்சுக் கச்சையுடன், மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மாணவர்கள் பக்கமிருந்து கேலியாக ஒரு விசில் வந்தது. மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நிமிர்ந்து நடங்கம்மா” என்றாள் அந்தப் பெண். விசில் வந்த திசையிலேயே திரும்பி நின்று, அங்கே யாராவது கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்தாள். பிறகு சாவகாசமாகக் கையசைத்தாள். அடுத்த விசில் வரவில்லை. எங்கிருந்தோ கைதட்டல்தான் வந்தது.

மகுடம் பிரின்லிக்குப் போனது. ஆனால் வேலியோரம் நாலைந்து பெண்கள் ஓயுன்சிமெக்கைச் சூழ்ந்துகொண்டு பட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கெல்சி அவளிடம், “உன் பேரை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லு” என்றாள். மறுநாள் பள்ளியில் நடக்கும் ஹோம்கமிங் நடனத்துக்குத் தங்கள் காரிலேயே வரச் சொன்னாள்.

வீட்டுக்குக் கிளம்பியபோதும் மார்லிஸின் ஆத்திரம் அடங்கவில்லை. “நல்லபடியா முடிஞ்சிருச்சுங்கறதுக்காக நான் விட்டுட மாட்டேன். எழுதிப் போட்ட அந்தத் திருட்டுப் பயலைக் கண்டுபிடிக்கத்தான் போறேன்.”

ஓயுன்சிமெக் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

“பயல் இல்லம்மா. நான்தான்.”